1965 இம்பாலாவில் டர்போ 350: கியர் தாமதமாக மாறுகிறது, 'தடக்' என்று இடிக்கிறது

அல்சூர் வி8:
வண்டி 1965 செவர்லே இம்பாலா, 283 வி8, இடது கை ஸ்டீயரிங். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்தது பவர்கிளைட் என்ற இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. அதை இறக்கிவிட்டுச் சென்னையில் ஒரு பட்டறையில் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான டர்போ ஹைட்ராமேட்டிக் 350 ஏற்றினோம். குட்டை டெயில் ஹவுசிங் உள்ள 350 என்பதால் நீளம் ஏறத்தாழ பவர்கிளைட் அளவுதான், பின்னால் ஷாஃப்டை மாட்டும் யோக்கும் அதே 27 பல், ஆகவே பிராப்பெல்லர் ஷாஃப்டை வெட்டவில்லை. சென்னையில் ஓட்டிப் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பெங்களூருக்குக் கொண்டு வந்ததிலிருந்தே ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுவது கொஞ்சம் தாமதம். சரி, புதுப் பெட்டி, பழகிவிடும் என்று விட்டேன். இப்போது மோசமாகிவிட்டது. காலையில் குளிர்ந்த எஞ்சினோடு கிளம்பினால் பரவாயில்லை. டிரினிட்டி சர்க்கிள் நெரிசலில் அரை மணி நேரம் நின்று நகர்ந்த பிறகு, நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போட்டாலே 'தடக்' என்று பின்னால் இடிக்கிறது. ரிவர்ஸிலும் அதே இடி. பாதி மிதிதான் மிதித்திருப்பேன், எஞ்சின் அலறிக்கொண்டு முதல் கியரிலேயே போகிறது, அப்புறம் ஒரு குத்தோடு இரண்டாவது விழுகிறது. சில சமயம் பழைய மெட்ராஸ் ரோட்டில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் கீழ் கியருக்கு இறங்குகிறது.

ஆயில் சிவப்பாகத்தான் இருக்கிறது, கருகல் வாடை இல்லை. இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "பேண்ட் லூஸ் சார், பெட்டியை இறக்கித்தான் பார்க்கணும்" என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். இறக்கலாமா, அதற்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
தம்பி, இறக்காதே. முதல் விஷயம், டர்போ 350ல் வெளியிலிருந்து இறுக்குவதற்குப் பேண்டே (டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) கிடையாது. உள்ளே ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்குச் சரிசெய்யும் திருகு வைக்கவில்லை. அந்தத் திருகு இருந்தது உன் பழைய பவர்கிளைடில்: 70 இன்ச் பவுண்டுக்கு இறுக்கி, நன்றாக ஓடிய பேண்டானால் 4 சுற்று தளர்த்தி, லாக் நட்டைப் பூட்ட வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் எங்கோ பவர்கிளைடில் கற்றதை எல்லாப் பெட்டிக்கும் சொல்கிறார்.

இரண்டாவது, நீ சொல்லும் அறிகுறிகள் எதுவும் தேய்ந்த பெட்டியின் அறிகுறி இல்லை. தேய்ந்த பெட்டி வழுக்கும். எஞ்சின் சுற்றும், வண்டி நகராது. உன்னுடையது கடினமாகக் கவ்வுகிறது. அதாவது உள்ளே ஆயில் அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கிறது. நின்ற இடத்தில் டிரைவிலும் ரிவர்ஸிலும் ஒரே மாதிரி இடிக்கிறது என்றால் அது ஒரு கிளட்ச்சின் குறையாக இருக்க முடியாது, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

இந்தப் பெட்டியில் கம்ப்யூட்டர் இல்லை. எப்போது மாற வேண்டும் என்பதை மூன்று செய்திகளை வைத்து முடிவு செய்கிறது. பின் ஷாஃப்டில் ஓடும் கவர்னர், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று ஆயில் அழுத்தமாகச் சொல்கிறது. வலப்பக்கம் பின்னால் சிறிய தகர டப்பா மாதிரி இருக்குமே, அந்த வேக்குவம் மாடுலேட்டர், எஞ்சினின் உறிஞ்சலை (வேக்குவம்) வைத்து அதன் பாரத்தைச் சொல்கிறது. கீழ் கியருக்கு இறக்கும் கிக் டவுன் கேபிள், மிதி அடியில் போய்விட்டது என்ற ஒன்றை மட்டும் சொல்கிறது. மாடுலேட்டருக்கு வேக்குவம் குறைவாகக் கிடைத்தால் பெட்டி என்ன நினைக்கும்? ஓட்டுபவர் பாதி மிதித்து மேடேறுகிறார் என்று நினைக்கும். அழுத்தத்தை ஏற்றும், மாறுவதைத் தாமதிக்கும். நீ சிக்னலில் சும்மா நிற்கிறாய், அது நந்தி மலை ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒரு வேக்குவம் கேஜ் வாங்கி அளந்துவிட்டு வா. எங்கே அளந்தாய் என்பதையும் எழுது.

நாலு சிலிண்டர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அறுபது வருட வண்டியின் அசல் பெட்டியைக் கழற்ற என்ன அவசியம்? பவர்கிளைட் 1950லிருந்து 1973 வரை ஓடிய பெட்டி, அதில் உடைய ஒன்றும் இல்லை. 2021ல் வந்த விண்டேஜ் பதிவு விதியைப் பார்த்தீர்களா? 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விஏ எழுத்துள்ள எண் தருகிறார்கள், 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நாளைக்கு ஆய்வுக்கு வருபவர் கீழே குனிந்து பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

அல்சூர் வி8:
நாலு சிலிண்டர் சார், கேள்வி நியாயம்தான். பவர்கிளைடின் முதல் கியர் விகிதம் சுமார் 1.8, அடுத்தது நேராக 1.00. அமெரிக்க நெடுஞ்சாலைக்கு அது போதும். இங்கே ரிச்மண்ட் மேம்பாலத்தில் ஏறும் வழியில் ஊர்ந்து நிற்கும்போது எஞ்சினையும் பெட்டியையும் ஆயிலால் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர்தான் எல்லா வேலையும் செய்கிறது, ஆயில் கொதிக்கிறது. 350ல் 2.52, 1.52, 1.00. முதல் கியரே இழுத்துவிடுகிறது. விஏ எண்ணுக்கு நான் போகவில்லை. அந்தப் பதிவில் தினப்படி வண்டியாக ஓட்டவும் முடியாது, நான் ஞாயிறு மட்டும் ஓட்டுபவன் இல்லை. சட்டகத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை, பழைய பெட்டி ஷெட்டில் அப்படியே இருக்கிறது.

இரும்பு அண்ணா, கேஜ் வைத்தேன். இன்டேக் மேனிஃபோல்டில், டிரைவில் போட்டு, ஐடிலில் 14 அங்குலம் (பாதரச அளவில்).

பழைய இரும்பு:
14 கொஞ்சம் குறைவுதான், ஆனால் பெங்களூர் கணக்கில் பயப்பட ஒன்றும் இல்லை. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் வேக்குவம் குறையும், ஆக இங்கே சுமார் 3 அங்குலம் போய்விடும். சென்னையில் 17 காட்டிய எஞ்சின் இங்கே 14 காட்டும். சென்னைக்குச் சரியாக வைத்த மாடுலேட்டர் இங்கே அந்த 3 அங்குலத்தைப் பாரம் என்று படிக்கும். வந்ததிலிருந்தே கொஞ்சம் தாமதம் என்றாயே, அதன் காரணம் இதுதான்.

அடையாறு ஆயில்:
இது நம்பும்படி இல்லையே. அப்படியானால் ஊட்டிக்குப் போன அமெரிக்க வண்டிகள் எல்லாம் இடித்துக்கொண்டா போயின? உயரத்தால் கொஞ்சம் மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நின்ற இடத்தில் இடிக்கும் அளவுக்கு 3 அங்குலம் செய்யாது. தவிர அவரே சொல்கிறார், குளிர்ந்திருக்கும்போது சரி, சூடானால் மோசம் என்று. டிரினிட்டி சர்க்கிளின் உயரம் காலையிலும் மாலையிலும் ஒன்றுதானே!

பழைய இரும்பு:
கடைசி வரிக்கு மறுப்பே இல்லை. சூட்டில் மோசமாவதற்கு உயரம் காரணம் அல்ல, அது வேறு ஒன்று. ஆனால் உயரத்தைச் சும்மா ஒதுக்காதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸே சில டர்போ 400 பெட்டிகளுக்கு உள்ளே காற்றழுத்தத்துக்கு விரிந்து சுருங்கும் பெல்லோஸ் வைத்த மாடுலேட்டர் கொடுத்தது, மலைப்பகுதி வண்டிகளில் இந்தத் தொல்லை வரக்கூடாது என்றுதான். சாதாரண மாடுலேட்டரில் அது கிடையாது.

தம்பி, அடுத்த வேலை. மேனிஃபோல்டில் அளந்தது போதாது. மாடுலேட்டரின் மூக்கில் மாட்டியிருக்கும் ஹோஸைக் கழற்றி, நடுவில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, மாடுலேட்டர் மாட்டியபடியே அங்கே அளந்து பார், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. ஹோஸுக்குள் சிவப்பு ஆயில் ஒரு சொட்டு தெரிந்தாலும் மாடுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எஞ்சின் அந்த ஆயிலைக் குடித்து, சைலன்சரில் வெள்ளைப் புகை விடும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையும், தரையில் ஒரு சொட்டும் இருக்காது. எங்கே போகிறது என்று தெரியாமல் சீல் சீலாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பீன்யா லேத்:
இடி என்றதும் எனக்கு வேறு ஒரு சந்தேகம். இம்மாதிரிப் பெட்டி மாற்றிய வண்டிகள் எங்கள் லேத்துக்கு அவ்வப்போது வரும், ஷாஃப்ட் பேலன்ஸுக்கும் யோக்குக்கும். பின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலோ, பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (முனையில் உள்ள சிலுவை மூட்டு) ஆடினாலோ இதே 'தடக்'தான் வரும். கீழே போய் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுச் செய்யுங்கள், பார்க்கை நம்பி அடியில் போகாதீர்கள்.

இன்னொன்று, கன்வர்ட்டரை எப்படி உட்கார வைத்தார்கள் என்று கேட்டீர்களா? பாதி சாவு அங்கேதான். கன்வர்ட்டரைப் பெட்டியின் மூக்கில் செருகினால் முதலில் பாதி போய் நின்றுவிடும். இரு கையாலும் சுற்றிக்கொண்டே லேசாகத் தள்ள வேண்டும். 'டொக்' என்று ஒரு இறக்கம், இன்னும் சுற்றினால் இரண்டாவது, கடைசியாகப் பம்பின் பள்ளத்தில் காது விழும்போது மூன்றாவது. அந்த மூன்றாவது விழாமலே பலர் பெட்டியைத் தூக்கி எஞ்சினோடு வைத்து, இடைவெளி இருக்கிறதே என்று பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கி இழுப்பார்கள். ஸ்டார்ட் செய்தவுடனே பம்ப் காலி. போல்ட் என்பது பூட்டுவதற்கு, இழுப்பதற்கு அல்ல. ஹவுசிங் இரு பக்கமும் கையாலேயே எஞ்சினோடு ஒட்டி உட்கார வேண்டும், அப்போதும் கன்வர்ட்டர் உள்ளே விடுதலையாகச் சுற்ற வேண்டும். எஞ்சினோடு சுற்றும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வர்ட்டரின் போல்ட் காதுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி, பிறகுதான் கன்வர்ட்டரை முன்னால் இழுத்து மூன்று போல்ட்டும் போடுவது. இடைவெளியே இல்லை என்றாலும் தப்பு, அதிகம் என்றாலும் தப்பு. அதிகமானால் காது பம்பை முழுதாகப் பிடிக்காது.

உங்கள் வண்டி இத்தனை நாள் ஓடிவிட்டதால் அது சரியாகத்தான் இருக்கும். மற்றவர்கள் படிக்கட்டும் என்று எழுதினேன்.

மாட்டுங்கா 700:
பம்பாயிலிருந்து ஒரு எச்சரிக்கை. இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது 700ஆர்4 பெட்டியில் இதே கைவைத்தியம் செய்துவிடாதீர்கள். என்னுடையது அதுதான், நாலு கியர், கடைசி 0.70. அதில் மாடுலேட்டர் கிடையாது. கார்புரேட்டரிலிருந்து வரும் டிவி (திராட்டில் வால்வு) கேபிள்தான் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. 350ன் கேபிள் தளர்ந்தால் கிக் டவுன் வராது, அவ்வளவுதான். 700ஆர்4ன் கேபிள் தளர்ந்தால் அழுத்தம் இல்லாமல் மூன்றும் நாலும் பிடிக்கும் கிளட்ச் கருகிவிடும், அதற்குச் சயானிலிருந்து பன்வேல் வரை ஓட்டினாலே போதும். பார்ப்பதற்கு இரண்டு கேபிளும் ஒன்று போலவே இருக்கும், அதனால்தான் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்கு நீளமும் அதிகம், கிராஸ் மெம்பரைப் பின்னால் தள்ளி ஷாஃப்டைக் குறைக்காமல் வேலை நடக்காது.

அல்சூர் வி8:
அளந்தேன். எஞ்சின் சூட்டில் மேனிஃபோல்டில் 14. மாடுலேட்டர் முனையில் 8!

கீழே போய்ப் பார்த்தால் பட்டறைக்காரர்கள் எஞ்சினிலிருந்து மாடுலேட்டர் வரை முழு நீளத்துக்கும் சாதாரண ரப்பர் ஹோஸ் ஓட்டியிருக்கிறார்கள். வலப்பக்கச் சைலன்சர் குழாய்க்கு ஒரு விரல் தள்ளி வளைவு. அந்த வளைவில் ரப்பர் பிசுபிசுவென்று இளகி, எஞ்சின் ஓடும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது, கெட்டியான ஜூஸை உறிஞ்சும்போது ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. மாடுலேட்டர் மூக்கருகில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பும் இருந்தது. ஹோஸுக்குள் ஆயில் இல்லை. கிராஸ், மவுண்ட் இரண்டும் கெட்டியாக இருக்கின்றன.

அடையாறு ஆயில்:
பார்த்தீர்களா! வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே வருகிறது, ஆனால் நடுவில் ஹோஸ் ஒட்டிக்கொண்டதால் அந்தக் கசிவு எஞ்சினுக்குத் தெரியவில்லை, ஐடில் ஆடவில்லை. சூடானால் மோசமானதும் அதனால்தான். உயரம் எல்லாம் அப்புறம்.

பழைய இரும்பு:
சரி சரி, இந்தச் சுற்று உங்களுக்கு. தம்பி, முழு நீள ரப்பரைத் தூக்கிப் போடு. அசலில் அது ஸ்டீல் குழாய்; இரண்டு முனையிலும் மட்டும் சிறு ரப்பர் துண்டு. பிரேக் பைப் விற்கும் கடையில் அதே கனத்தில் குழாய் கிடைக்கும், ஜே.சி. ரோட்டில் வளைத்தே தருவார்கள். கார்புரேட்டர் அடியில் உள்ள சிறு மூக்கில் மாட்டாதே, சில மூக்குகளில் ஐடிலில் வேக்குவமே வராது. நேராக மேனிஃபோல்டில் மாட்டு.

குழாய் மாற்றியதும் உடனே மாடுலேட்டர் திருகில் கை வைக்காதே. முதலில் எஞ்சினின் டைமிங், ஐடில் மிக்ஸ்சர் இரண்டையும் சரிசெய். இந்த உயரத்தில் கார்புரேட்டர் பெட்ரோலைத் தேவைக்கு மேல் ஊற்றும். அதைச் சீராக்கினாலே ஒரு அங்குலம் திரும்ப வரலாம். அப்புறம் ஓட்டிப் பார்த்து, அப்போதும் தாமதம் என்றால்தான் திருகு. உன்னுடையது சரிசெய்யக்கூடிய வகைதானே? ஹோஸ் மாட்டும் மூக்குக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும். வலஞ்சுழியாகத் திருப்பினால் அழுத்தம் கூடி, மாறுவது தாமதமாகும். இடஞ்சுழி என்றால் சீக்கிரம் மாறும், மென்மையாகும். அரைச் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாதே. மென்மையாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு அளவுக்கு மேல் இறக்கினால் கிளட்ச் வழுக்கி எரியும். கொஞ்சம் அழுத்தமாக மாறும் பெட்டிதான் நீண்ட நாள் வாழும்.

காரணமில்லாமல் கீழே இறங்குவது தனி வியாதி. அது கேபிள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை முழுதாக அழுத்தட்டும், நீ கார்புரேட்டர் பக்கம் நின்று பார். திராட்டில் முழுதாகத் திறக்கும் அந்தக் கடைசிப் புள்ளியில்தான் கேபிள் முழு நீளத்துக்கு இழுபட்டிருக்க வேண்டும். ஐடிலில் விறைப்பு இருக்கக் கூடாது.

அல்சூர் வி8:
ஸ்டீல் குழாய் போட்டாகிவிட்டது, சைலன்சரிலிருந்து நன்றாகத் தள்ளி. இப்போது இரண்டு முனையிலும் ஒரே அளவு. டிரைவுக்குப் போடும்போது வரும் இடி போய்விட்டது, பின்னால் லேசாக ஒரு அசைவு மட்டும். டைமிங் வைத்த பிறகு வேக்குவம் 15.

கேபிளில் இரும்பு அண்ணா சொன்னதேதான். பவர்கிளைடுக்குக் கார்புரேட்டரிலிருந்து கம்பி வரும், 350க்குக் கேபிள் வேண்டும். அதற்கான பிராக்கெட்டை ஒரு தகட்டை வளைத்து அங்கேயே செய்திருக்கிறார்கள். திராட்டில் பாதி திறக்கும்போதே கேபிள் முழுதாக இழுபட்டுவிடுகிறது. பிராக்கெட்டில் துளையை நீட்டி, கேபிளின் உறையை முன்னால் நகர்த்திப் பூட்டினேன். இப்போது மிதி தரையைத் தொடும்போது மட்டும் இறங்குகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாவது கியர் விழுவது கொஞ்சம் தாமதம்தான், லேசான மிதியில் 35 கி.மீ. வரை முதல் கியரிலேயே இழுக்கிறது. திருகை இடஞ்சுழியாக அரைச் சுற்று விட்டுப் பார்த்து, இன்னும் அரைச் சுற்று விட்டேன். இப்போது லேசான மிதியில் 20ஐ ஒட்டி இரண்டாவது, 40க்குக் கொஞ்சம் மேலே மூன்றாவது. அடையாறு சார், அந்தக் கடைசி ஒரு சுற்று உயரத்துக்கு.

அடையாறு ஆயில்:
சரி, ஒரு சுற்று மட்டும் தருகிறேன். ஆனால் அதே திருகோடு இங்கே சென்னைக்கு வந்தால்?

பழைய இரும்பு:
நல்ல கேள்வி. கீழே வேக்குவம் கூடும், ஆகவே அழுத்தம் கொஞ்சம் குறைந்து, கியர் சீக்கிரமாகவும் தொளதொளவென்றும் மாறும். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாகத் திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஏற்றத்தில் கிளட்ச்சுக்கு முழுப் பிடி வேண்டும். அங்கேயே தங்கி ஓட்டுவதானால் அந்தச் சுற்றைத் திரும்பக் கொடுத்துவிடு.

நாலு சிலிண்டர்:
ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லீவர் சரியாக நிற்கிறதா? பழையது பி ஆர் என் டி எல் (பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ), ஐந்து இடம். 350க்கு ஆறு.

அல்சூர் வி8:
அதுதான் மிச்சம். முள் டி என்று காட்டும்போது பெட்டி டி பள்ளத்தில்தான் இருக்கிறது, ஆனால் கடைசியில் உள்ள முதல் கியருக்கான இடம் கிடைக்கவில்லை, லீவர் அதற்கு முன்பே முட்டிக்கொள்கிறது. பார்க் விழுகிறது.

பீன்யா லேத்:
ஸ்டீயரிங் தண்டுக்குள் இருக்கும் படிப்படித் தகடு பவர்கிளைடுடையது, அதை 350க்கான தகடாக மாற்ற வேண்டும். லிங்கேஜை (லீவரைப் பெட்டியோடு இணைக்கும் கம்பியை) மட்டும் நகர்த்தி முதல் கியரைப் பிடிக்கப் போனால் பார்க் பாதியில் நிற்கும், அது ஆபத்து. முதலில் பெட்டியில் உள்ள சிறு நெம்புகோலை லிங்கேஜ் இல்லாமல் பள்ளம் பள்ளமாக நகர்த்தி உணர்ந்துகொள்ளுங்கள், பிறகு லீவரை அதற்கு ஒத்துவைத்துப் பூட்டுங்கள். பார்க்கில் போட்டு, சாய்வில் பிரேக்கை விட்டு வண்டியை ஆட்டிப் பார்க்க வேண்டும். பார்க், நியூட்ரல் தவிர வேறெதிலும் ஸ்டார்ட் ஆகக் கூடாது, அந்த ஸ்விட்ச்சையும் பாருங்கள்.

மாட்டுங்கா 700:
ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள் இருப்பது மட்டும்தானா? உங்கள் ஊர் நெரிசலுக்காக, ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒன்று வையுங்கள், ரேடியேட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில் அதன் வழியாகப் போய்த் திரும்பட்டும். பழைய குழாய்களை உள்ளே கழுவிவிட்டு மாட்டுங்கள். பழைய பெட்டியின் தூள் புதிய பெட்டிக்குள் போகும்.

பழைய இரும்பு:
ஆமாம், அப்புறம் அளவு பார்க்கும் முறையும் மாறிவிட்டது. பவர்கிளைடுக்கு நியூட்ரலில் வைத்துப் பார்ப்பார்கள். 350க்குப் பார்க்கில், எஞ்சின் ஓட, நன்றாகச் சூடான பிறகு. குளிர்ச்சியில் முழு அளவு ஊற்றினால் சூட்டில் மேலே ஏறி நுரைக்கும். வண்டி வழியில் நின்றுபோனால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் பார்க்காதே. உன் பழைய பெட்டியில் பின் பம்ப் இருந்ததால் அது நடந்தது, 350ல் இல்லை. பின்சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்வதும் கூடாது, ஷாஃப்டைக் கழற்ற வேண்டும் அல்லது பிளாட்பெட் லாரி.

அல்சூர் வி8:
குறித்துக்கொண்டேன். தகடு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் போலிருக்கிறது, சிவாஜிநகர் குஜரிக் கடைகளில் கேட்டுவிட்டேன். அதுவரை முதல் கியர் இடம் இல்லாமலே ஓடட்டும்.

நாலு சிலிண்டர்:
ஷெட்டில் இருக்கும் பவர்கிளைடை விற்பதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை.

அல்சூர் வி8:
விற்பதற்கில்லை சார். ஆயில் நிரப்பி, ஓட்டைகளுக்கெல்லாம் மூடி போட்டு வைத்திருக்கிறேன்.